குட்டிச் சொற்கள்

பிரிட்லிங்டன் ஓட்டல் சலவைக்கூடத்தில்
என் காதில் விழுந்த முதல் ஆங்கிலம் 'ஹேங் ஆன்'.
ஹேங் என்றால் தொங்கு, அகராதியில் பார்த்திருந்தேன்.
எதைப் பிடித்துத் தொங்குவது?
தலைக்கு மேல் நீராவிக் குழாய்தான் இருந்தது,
தொட்டால் தோல் உரியும்.
பொறு என்றுதான் சொன்னாராம் மேலாளர் கிளைவ்.

லாத்வியாவிலிருந்து இருநூறு வினைச்சொற்கள் கொண்டுவந்திருந்தேன்.
கெட், புட், டேக், கோ, லுக்.
லீயபாயா மாலை வகுப்பில்
ஒன்று விடாமல் நெட்டுருப் போட்டவை.
இங்கே அவற்றை யாரும் தனியே வெளியே அனுப்புவதில்லை.
ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டிச் சொல்,
அப், டவுன், ஆஃப், அவுட்,
கால்சட்டையில் ஒட்டிய நாயுருவி மாதிரி.
சில சமயம் இரண்டு.
புட் அப் வித்:
அதில் வைப்பதும் இல்லை, மேலேயும் இல்லை, கூடவும் இல்லை.
கிளைவைச் சகித்துக்கொள்வது.

ஆஃப்தான் படுமோசம்.
விளக்கு ஆஃப் ஆனால் அணைகிறது.
பால் 'கோ ஆஃப்' ஆனால் திரிகிறது.
அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அலறுகிறது!
மூன்றாம் வாரம் அது அலறியபோது
எல்லோரும் கார் நிறுத்தத்துக்கு ஓடினார்கள்.
ஆஃப், ஆஃப் என்று யாரோ கத்தியது கேட்டு
நிம்மதியாக உள்ளேயே மடித்துக்கொண்டிருந்தேன்,
நாற்பத்திரண்டு தலையணை உறைகள்.
ஜெனிஸ் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஜெனிஸ்.
படுக்கை விரிப்பின் இரண்டு முனை அவளுக்கு, இரண்டு எனக்கு.
நெருங்குவோம், மடிப்போம், விலகுவோம், நெருங்குவோம்.
அதற்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தேவையில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நெருங்கி வரவில்லை.
தன் முனைகளைப் பிடித்தபடியே நின்றாள்.
"நேத்து டஃபியை புட் டவுன் பண்ணிட்டோம்."
டஃபி அவள் நாய். படம் காட்டியிருக்கிறாள்,
ஒரு காது நிமிர்ந்து, ஒன்று தொய்ந்து.
புட் தெரியும். டவுன் தெரியும்.
பதினைந்து வயது நாயை எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க முடியும்?
கீழே வைத்ததற்கா இப்படி அழுகிறாள்?
ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொன்னேன்:
"அப்போ பிக் அப் பண்ணு, ஜெனிஸ்."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஜெனிஸ் என்னையே பார்த்தாள்.
பிறகு சிரித்தாள். பாதியில் அது வேறு ஏதோவாக ஆனது.
விரிப்பு முழுவதும் தரையில் கிடந்தது,
மறுபடி துவைக்க வேண்டும்.
டோரீன் தன் முழங்கையில் விரலால் குத்திக் காட்டினாள்:
ஊசி.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
கொல்லுதல் என்ற சொல்லை வீட்டுக்குள் விடாமல்
இரண்டு சின்னச் சொற்களை வாசலுக்கு அனுப்பிப் பேச்சை முடிக்கிறார்கள்.
எங்கள் ஊரில் தூங்கவைத்தோம் என்போம்.
அது மட்டும் என்னவாம்.

அக்டோபரில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்.
எங்கள் பதினொரு பெயர்கள், மேலே 'லெய்ட் ஆஃப்'.
லே, விரிப்பதற்கு. மெத்தைமேல் தினமும் செய்கிறோம்.
இந்த முறை ஆஃப் என்ன செய்யும் என்று
நான் யாரையும் கேட்கவில்லை.

கடைசி நாள், ஸ்கார்பரோ பஸ்ஸில் ஏறும்போது ஜெனிஸ்
"லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப், ஸைகா" என்றாள்.
லுக், பார். ஆஃப்டர், பின்னால்.
பஸ் முனை திரும்பும்வரை பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பார்த்துக்கொள் என்றல்லவா சொன்னாள்,
அது எனக்கு ஏற்கெனவே தெரியும்.
தெரிந்தும் நின்றேன்.
உன்னையே நீ, பின்னால் நின்று, பார்.
எப்படி முடியும், ஒருத்தி தன் முதுகை?

அறைக்கு வந்து என் விரிப்பை உதறி மடித்தேன்.
இரண்டு முனைகள் தரையில் இழுபட்டன.